ஃபில்டர், பாட்டில், பை: நெடுநடைக்குத் தண்ணீர் ஏற்பாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பசிபிக் கிரெஸ்ட் ட்ரெயில் என்ற நடைபாதை மெக்சிகோ எல்லையில், காம்ப்போ என்ற சிற்றூரை ஒட்டித் தொடங்குகிறது. கலிபோர்னியா, ஆரிகன், வாஷிங்டன் என மூன்று மாநிலங்களைக் கடந்து கனடா எல்லையில் முடிகிறது. மொத்தம் 4,265 கி.மீ. ஒரே மூச்சில் நடப்பவர்களுக்கு ஏறத்தாழ ஐந்து மாதம் பிடிக்கும். வேலை, பிள்ளைகளின் பள்ளி என்று கட்டுண்டு கிடக்கும் என்னைப் போன்றவர்கள் வருடத்துக்கு ஒரு துண்டாக நடக்கிறோம். அடுத்துக் கிளம்பப்போகும் நண்பர்கள் கூடாரம், காலணி பற்றிக் கேட்பதைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளும் என் பதில்களும் இவை. பெரும்பாலும் கலிபோர்னியாப் பகுதியை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். இமயமலைப் பக்கம் போகிறவர்களுக்கு என்ன மாறும் என்பது கடைசிக்குச் சற்று முன்னால் இருக்கிறது.

ஓடை கண்ணாடி மாதிரி ஓடுகிறது. அதைக்கூட வடிகட்ட வேண்டுமா?

வேண்டும். வெள்ளியங்கிரி ஏறியவர்கள் சுனைத் தண்ணீரைக் கையில் ஏந்தி அப்படியே குடித்திருப்போம், ஒன்றும் ஆகியிருக்காது. அந்தப் பழக்கம் கலிபோர்னியாவின் சியரா மலையில் ஓடையைப் பார்த்ததும் தலைதூக்கும். பாறையிலிருந்து கசிந்து வெளிவரும் இடத்திலேயே பிடித்த நீர் வேறு, மேலே எங்கிருந்தோ ஓடிவரும் நீர் வேறு. ஓடையின் மேற்பக்கம் மான் நின்றதா, பொதிசுமக்கும் கோவேறு கழுதை நின்றதா, முந்தைய இரவு யாராவது கரையோரம் ஒதுங்கினார்களா என்பது உங்களுக்குத் தெரியாது. நீரின் தெளிவு அதைக் காட்டிக்கொடுக்காது.

ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி உள்ளே போனால் உடனே ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வயிறு உப்பும், அழுகிய முட்டை நாற்றத்தோடு ஏப்பம் வரும், எண்ணெய் பிசுக்கோடு போகும். அதற்குள் நீங்கள் முந்நூறு கிலோமீட்டர் தாண்டியிருப்பீர்கள். எந்த ஓடை செய்த வேலை என்று கண்டுபிடிக்கவே முடியாது. "நான் பல வருடமாக வடிகட்டாமல்தான் குடிக்கிறேன்" என்பவர்களைப் பாதையில் சந்திப்பீர்கள். அவர்களோடு வாதாட வேண்டாம், அவர்கள் பாட்டிலிலிருந்து குடிக்கவும் வேண்டாம்.

ஃபில்டர் எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்?

நடைக்காரர்கள் கையிலிருப்பதில் பெரும்பாலானவை ஹாலோ ஃபைபர் வகை. உள்ளே சேமியா போல நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்கள். ஒவ்வொன்றின் சுவரிலும் 0.1 அல்லது 0.2 மைக்ரான் அளவில் நுண்துளைகள் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஜியார்டியா 8 முதல் 12 மைக்ரான், கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணி 4 முதல் 6 மைக்ரான். இரண்டும் அந்தத் துளையில் நுழையவே முடியாது. வயிற்றைக் கெடுக்கும் பாக்டீரியாக்களும் அப்படியே.

வைரஸ் அப்படியல்ல. நோரோவைரஸ், ஹெபடைட்டிஸ் ஏ எல்லாம் 0.03 மைக்ரான் அளவில்தான் இருக்கும். தாராளமாக உள்ளே புகுந்து வரும். அமெரிக்கக் கடையில் பெட்டியை வாங்கும்போது "ஃபில்டர்" என்று போட்டிருக்கிறதா, "பியூரிஃபையர்" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் எதையும் பியூரிஃபையர் என்றுதான் சொல்வோம். அங்கே வைரஸையும் தடுக்கும் கருவிக்குத்தான் அந்தப் பெயர்.

கரைந்திருக்கும் எதையும் இந்த ஃபில்டர் தொடாது. உப்பு, பூச்சிமருந்து, உலோகம் எல்லாம் நீரோடு நீராகப் போய்விடும். தெற்குக் கலிபோர்னியாவில் இதே பாதையில் ஜோஷுவா ட்ரீ ஸ்பிரிங் என்ற ஊற்றில் யுரேனியம் இருப்பதாக எச்சரிக்கை உண்டு. எந்த ஃபில்டரைப் பிடித்தாலும் அங்கே பயனில்லை. ஏரியில் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல நீலப்பச்சைப் பாசி படர்ந்திருந்தால் அதுவும் அப்படித்தான். பாசியை ஃபில்டர் பிடிக்கும், அது கக்கிய நஞ்சைப் பிடிக்காது. கொதிக்கவைத்தால் நீர் வற்றி நஞ்சின் அடர்த்திதான் கூடும். அந்த இடத்தில் தண்ணீர் எடுக்காமல் நடையைக் கட்டுவதுதான் வழி.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எந்த ஃபில்டர் வாங்குவது?

தனியாக நெடுந்தூரம் நடப்பவருக்கு என் பதில் சாயர் ஸ்குவீஸ். எடை சுமார் 85 கிராம். பையில் அழுக்கு நீரை மொண்டு, ஃபில்டரை அதன் வாயில் திருகி, பையை அமுக்கினால் மறுபக்கம் நல்ல நீர் வரும். பாட்டிலில் பிடிக்கலாம், நேராக வாயில் வைத்தும் உறிஞ்சலாம். இதைவிட வேகமானவை இருக்கின்றன, இலேசானவை இருக்கின்றன. ஆனால் அடைத்துக்கொண்டால் எதிர்த்திசையில் நீர் செலுத்திக் கழுவி மீட்கலாம், கடைப் பாட்டிலிலேயே பொருந்தும் என்ற இரண்டு குணமும் சேர்ந்து நெடுநடையில் பெரிய ஆறுதல். இதன் தம்பியான மினி இன்னும் இலேசு. ஆனால் ஒரு லிட்டர் பிழிவதற்குள் கை வலித்துவிடும். 28 கிராம் மிச்சம் பிடிக்க ஒவ்வொரு ஓடையிலும் கூடுதலாகக் காத்திருப்பது எனக்குச் சரிப்படவில்லை.

காட்டடின் பீஃப்ரீ புதிதாக இருக்கும்போது குழாயைத் திறந்தது மாதிரி நீர் கொட்டும். வார இறுதி நடைக்கு அதையே சொல்வேன். கழுவும் முறையும் சுலபம், நீரில் போட்டுக் குலுக்கினால் போதும். அதற்குமேல் கழுவ வழி கிடையாது என்பதுதான் சிக்கல். கலங்கல் நீர் நிறைய இருக்கும் பாதையில் அது சீக்கிரமே சோர்ந்துபோகும். பிளாட்டிபஸ் குவிக்டிரா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஃபில்டர் உடையாமல் இருக்கிறதா என்று காற்று ஊதிச் சோதிக்க அதில் வழி இருக்கிறது. அது நல்ல யோசனை.

28, 42 என்கிறார்களே, அது என்ன கணக்கு?

ஃபில்டரை வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டியது இதைத்தான், ஆனால் பலரும் வீட்டுக்கு வந்தபிறகுதான் பார்க்கிறார்கள். 28, 42 என்பது பாட்டில் கழுத்தின் அளவு, மில்லிமீட்டரில். சாயரும் குவிக்டிராவும் 28 மி.மீ. பீஃப்ரீ 42 மி.மீ. 42-க்குப் பொருந்தும் பை சில கம்பெனிகளிடம்தான் கிடைக்கும். நடுப்பாதையில் அது கிழிந்தால், அடுத்த ஊரின் பெட்டிக்கடையில் மாற்று கிடைக்காது. 28 என்றால் குளிர்பான பாட்டில் ஒன்று போதும், காரியம் நடந்துவிடும்.

அளவு ஒன்றாக இருந்தாலும் மரை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தியாவில் தண்ணீர் பாட்டில்கள் பலவற்றில் கழுத்து குட்டையாகவும் மரை வேறு மாதிரியாகவும் இருக்கும். திருகினால் இரண்டு சுற்றுப் போகும், பிறகு கோணலாக நின்று கசியும். கோலா, சோடா போன்ற கேஸ் அடைத்த பானங்களின் பாட்டில்தான் அநேகமாகச் சரியாக உட்காரும், பிளாஸ்டிக்கும் தடிமனாக இருக்கும். (கோலி சோடாவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.) கிளம்பும் முன் வீட்டிலேயே திருகி, தலைகீழாகப் பிடித்து, அமுக்கிப் பாருங்கள்.

கழுத்துக்குள் இருக்கும் ரப்பர் வாஷரையும் கவனியுங்கள். பையைக் கழற்றி மாட்டும்போது அது சத்தமில்லாமல் புல்லில் விழுந்துவிடும். வாஷர் இல்லாமல் பிழிந்தால் வடிகட்டாத நீர் ஓரமாக வழிந்து, கீழே இருக்கும் நல்ல பாட்டிலுக்குள்ளேயே சொட்டும். உபரியாக இரண்டு வாஷர் மருந்துப் பையில் கிடக்கட்டும்.

எத்தனை லிட்டர் சுமக்க வேண்டும்?

ஒரு லிட்டர் ஒரு கிலோ. கழித்துக் குறைக்க முடியாத எடை இது ஒன்றுதான். குளிர்ந்த வானிலையில், சம தரையில், எட்டு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்று நான் கணக்குப் போடுவேன். வெயிலில் ஏற்றம் என்றால் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போதாமல் போகும். அதோடு இரவுச் சமையலுக்கு ஒரு லிட்டர்.

இந்தப் பாதையில் முதல் நாளே பரீட்சை. காம்ப்போவிலிருந்து லேக் மொரேனா வரை 32 கி.மீ. நடுவில் வரும் ஹவுசர் ஓடை பெரும்பாலும் வறண்டு கிடக்கும். சிசர்ஸ் கிராசிங்கிலிருந்து பாரல் ஸ்பிரிங்ஸ் வரை 39 கி.மீ., நிழலே இல்லாத சரிவு. வடக்குக் கலிபோர்னியாவில் ஹேட் கிரீக் ரிம் என்ற மேட்டு விளிம்பில் சுமார் 48 கி.மீ. நீர் கிடையாது. அங்கே ஆறு லிட்டர் சுமப்பவர்கள் உண்டு. நம் கணக்கில் அரைக் குடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இடுப்பில் இல்லாமல் முதுகில், அவ்வளவுதான் வித்தியாசம்.

சுமையைக் குறைக்க உருப்படியாக இரண்டு வழி உண்டு. ஊற்றடியில் உட்கார்ந்து ஒரு லிட்டரை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டு, பிறகு பாட்டிலை நிரப்புங்கள். வயிற்றில் இருக்கும் நீர் தோளை அழுத்தாது. இரண்டாவது, மாலை ஐந்து மணிக்கு நீர் கண்ட இடத்திலேயே சமைத்துச் சாப்பிட்டு, பாத்திரம் துலக்கி, அதன்பிறகு இரண்டு மணி நேரம் நடந்து வறண்ட இடத்தில் படுங்கள். சமையல் நீரைச் சுமக்க வேண்டியதில்லை. கரடிக்கும் சாப்பாட்டு வாசனை எட்டாது.

சியராவுக்குள் நுழைந்தபிறகு கதை தலைகீழ். கோடையின் தொடக்கத்தில் மணிக்கொரு ஓடை குறுக்கிடும். அங்கேயும் நான்கு லிட்டரைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாலைவனத்துப் பயம் இறங்க ஒரு வாரம் ஆகிறது போலும்.

எந்த ஊற்றில் நீர் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தன்னார்வலர்கள் நடத்தும் நீர் அறிக்கை ஒன்று இந்தப் பாதைக்கு இருக்கிறது. ஃபார்அவுட் என்ற செயலியிலும் நடந்தவர்கள் தேதியோடு குறிப்பு எழுதுவார்கள். தேதிதான் முக்கியம். மூன்று வாரம் முன்பு "நன்றாக ஓடுகிறது" என்று எழுதியது ஜூன் மாதத்தில் செல்லாக் காசு. சிக்னல் இருக்கும்போதே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாதையோரம் யாரோ தண்ணீர் வைத்திருப்பார்களாமே?

ஆம், நம் தண்ணீர்ப் பந்தல் மாதிரிதான். வறண்ட பகுதிகளில் உள்ளூர்க்காரர்கள் காரிலும் தோளிலுமாகக் கேன்களைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். வெயிலில் வெந்து போய் அதைப் பார்க்கும்போது கும்பிடத் தோன்றும். ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பாதையைப் பேணும் சங்கமும் இதையேதான் சொல்கிறது. உங்களுக்கு முன் முப்பது பேர் போயிருந்தால் கேன் காலியாக இருக்கும். இருந்தால் கையிருப்பு தீர்ந்தவருக்கு அது, இல்லாவிட்டாலும் நீங்கள் அடுத்த ஊற்றுவரை போய்ச்சேர வேண்டும்.

எந்தப் பாட்டில்? அந்தக் குழாய் வைத்த பை நல்லதா?

ஸ்மார்ட்வாட்டர் என்ற பெயரில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்தான் இந்தப் பாதையின் தேசியச் சின்னம். காலியாக 40 கிராமுக்கும் குறைவு. ஒல்லியாக உயரமாக இருப்பதால் பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டில் அழகாக நிற்கும், சாயர் நேராகப் பொருந்தும். இதே ஒரு லிட்டருக்கு நால்ஜின் என்ற தடித்த பிளாஸ்டிக் பாட்டில் 180 கிராம். ஒரு கண்டிப்பான விதிவிலக்கு: உறைபனி இரவில் கொதிநீர் ஊற்றித் தூக்கப்பைக்குள் காலடியில் வைத்துக்கொள்ள நால்ஜின்தான் தாங்கும். மெல்லிய கடைப் பாட்டில் கொதிநீர் பட்டதும் சுருண்டு போகும்.

அழுக்கு நீர் மொள்ளத் தனிப் பை வேண்டும். ஃபில்டரோடு பெட்டியில் வரும் பையின் வாய் குறுகல். ஓடையில் முக்கினால் நிரம்பும், குட்டையில் நிரம்பாது. அடிக்கடி முறுக்கிப் பிழிவதால் ஓரமும் விட்டுப்போகும். நாக் வெக்டோ என்ற பையில் ஒரு முனை முழுதாகத் திறக்கும், மறுமுனையில் 28 மி.மீ. வாய். இரண்டு லிட்டர் பை 76 கிராம். திறந்த முனையால் மொண்டு, கிளிப்பைப் போட்டு மூடி, அந்தப் பக்கத்திலிருந்து சப்பாத்தி மாவை உருட்டுவது போலச் சுருட்டிக்கொண்டே வந்தால் நீர் தானாக இறங்கும்.

விரலளவு ஆழமே உள்ள கசிவு என்றால் பை எதுவும் உதவாது. பாட்டில் ஒன்றின் அடியை வெட்டிச் செய்த குவளையோ, நீண்ட இலையை மடித்துச் செய்த வாய்க்காலோதான் கைகொடுக்கும்.

குழாய் வைத்த பையை நான் விட்டுவிட்டேன். நடந்துகொண்டே உறிஞ்சலாம் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தாகம் எடுக்காமலே உறிஞ்சிக்கொண்டிருந்துவிட்டு, மதியம் "சர்ர்" என்று காற்று வரும்போதுதான் விழிப்போம். குழாயில் பாசி பிடிக்கும், காலையில் உறையும், முதுகுப் பைக்குள் கசிந்தால் தூக்கப்பை நனையும்.

என் மூட்டை இதுதான்: ஒரு லிட்டர் கடைப் பாட்டில் இரண்டு, இரண்டு லிட்டர் வெக்டோ ஒன்று, வறண்ட பகுதிக்கு மட்டும் இரண்டு லிட்டர் மடிப்புப் பை இன்னொன்று. ஆக ஆறு லிட்டர் கொள்ளளவு. ஃபில்டரோடு சேர்த்து வெறும் எடை 300 கிராமைத் தாண்டாது. அழுக்குப் பை எது, குடிக்கும் பாட்டில் எது என்பது இருட்டிலும் தெரிய வேண்டும். அழுக்குப் பையின் கழுத்தில் சிவப்பு நாடா சுற்றியிருக்கிறேன். இந்த ஜாதி வித்தியாசம் மட்டும் அவசியம்.

இரவில் உறைந்தால் ஃபில்டர் கெட்டுவிடுமா?

கெடும். கெட்டது வெளியே தெரியாது என்பதுதான் ஆபத்து. ஒருமுறை பயன்படுத்திய ஃபில்டருக்குள் எப்போதும் கொஞ்சம் நீர் தங்கியிருக்கும். அது உறைந்து விரியும்போது உள்ளிருக்கும் மெல்லிய இழைகள் விரிசல் விடும். மறுநாள் வெயிலில் உருகியதும் வழக்கம்போல நீர் வரும். வழக்கத்தைவிட வேகமாகக்கூட வரும். "இன்று நன்றாக வேலை செய்கிறதே" என்று நாம் சந்தோஷப்பட்டுக்கொள்வோம்.

நான் அப்படிச் சந்தோஷப்பட்டவன்தான். ஏப்ரல் மாதம், தொடங்கி மூன்றாம் இரவு, மவுன்ட் லகுனா. பாலைவனம்தானே என்று ஃபில்டரைப் பையின் வெளிப் பாக்கெட்டிலேயே விட்டுவிட்டேன். அந்த இடம் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதை மறந்தாயிற்று. காலையில் பாட்டில் கட்டிதட்டியிருந்தது. 85 கிராம் பொருளைக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த ஊர் வரும்வரை மருந்து மாத்திரையை நம்பி நடந்தேன். இப்போது குளிர் பூஜ்யத்தை நெருங்கும் என்று தோன்றினாலே ஃபில்டரை ஜிப் உறையில் போட்டுத் தூக்கப்பைக்குள் சேர்த்துக்கொள்கிறேன். காலையில் குளிரில் நடக்கும்போது ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டில். உறைந்ததோ என்று சந்தேகம் வந்தால் அந்த ஃபில்டர் செத்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். பாறைமேல் பலமாக விழுந்தாலும் அதே விதி.

பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி வையுங்கள். பனிக்கட்டி மேலேதான் முதலில் படியும். காலையில் நிமிர்த்தினால் வாய்ப்பக்கம் நீராகவே இருக்கும்.

நாளாக நாளாக நீர் சொட்டுச் சொட்டாக வருகிறது. என்ன செய்வது?

எதிர்த்திசையில் கழுவுங்கள். சாயரோடு வரும் பெரிய சிரிஞ்சில் சுத்தமான நீரை நிரப்பி, நீர் வெளிவரும் பக்கத்திலிருந்து பலமாக அழுத்த வேண்டும். மெதுவாக அழுத்தினால் நீர் சுலபமான வழியைத் தேடிப்போகும், அடைப்பு அப்படியே இருக்கும். சிரிஞ்சைச் சுமக்க மனமில்லாதவர்கள், உறிஞ்சுமூடி வைத்த 700 மி.லி. ஸ்மார்ட்வாட்டர் பாட்டிலை வாங்கி அந்த மூடியை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். அது ஃபில்டரின் முனையோடு இணைந்துகொள்ளும், பாட்டிலை அமுக்கியே கழுவிவிடலாம்.

அடைத்தபிறகு கழுவுவதைவிட நாள்தோறும் மாலையில் ஒருமுறை கழுவுவது நல்லது. காய்ந்து இறுகிய சேறு லேசில் போகாது. உப்புநீர்ப் பகுதியில் சுண்ணாம்பு படிந்து அடைத்திருந்தால், ஊர் வந்ததும் வினிகரில் அரைமணி நேரம் ஊறவைத்துப் பிறகு கழுவுங்கள். பெட்டியில் லட்சம் காலன் என்று எழுதியிருந்தாலும் உங்கள் ஃபில்டரின் ஆயுள் நீங்கள் மொண்ட சேற்றைப் பொறுத்தது.

நீர் கலங்கலாக, மாடு மிதித்த குட்டையாக இருந்தால்?

முதலில் தெளியவிடுங்கள். பாத்திரத்தில் ஒரு மணி நேரம், முடிந்தால் இரவு முழுதும். மேலே தெளிந்ததை மட்டும் மெல்லச் சாய்த்து, கைக்குட்டையில் வடித்து, பிறகு ஃபில்டர். நம் பாட்டிமார் தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரைத்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றியதும் இதற்குத்தான். மிதக்கும் நுண்மண்ணை ஒன்றோடொன்று ஒட்டவைத்து அடியில் உட்காரவைக்கிறது. பட்டாணி அளவு படிகாரமும் அதே வேலையைச் செய்யும், சுமப்பதற்கும் எளிது. இவை கிருமியைக் கொல்லாது, ஃபில்டரின் ஆயுளைத்தான் கூட்டும்.

மாத்திரையோ சொட்டு மருந்தோ மட்டும் போதாதா?

சிலர் அதை மட்டுமே வைத்து முழுப் பாதையும் நடக்கிறார்கள். குளோரின் டை ஆக்சைடுதான் அதில் நல்லது. அக்வாமிரா என்ற சொட்டு மருந்தில் இரண்டு குப்பி: லிட்டருக்கு ஒவ்வொன்றிலும் 7 சொட்டு, கலந்து 5 நிமிடம் வைத்து, நீரில் விட்டு 15 நிமிடம். குளிர்ந்த நீர் என்றால் 30 நிமிடம். இது பாக்டீரியா, வைரஸ் கணக்கு. கிரிப்டோஸ்போரிடியத்துக்கு இந்த நேரம் போதாது. இதே மருந்தின் மாத்திரைகளில் நான்கு மணி நேரம் காத்திருக்கச் சொல்லியிருப்பார்கள். அயோடின் அந்தக் கிருமியை ஒன்றுமே செய்யாது.

எனக்கு இது துணை, தலைவன் அல்ல. ஃபில்டர் உறைந்த அன்று என்னைக் காப்பாற்றியது பத்து மாத்திரைகள் கொண்ட ஒரு பட்டைதான். எடை சொல்லும்படி இல்லை. எல்லோரும் வைத்திருக்கலாம்.

கொதிக்கவைத்தால்?

எல்லாக் கிருமியும் சாகும். கொதி வந்து ஒரு நிமிடம். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம், ஏனென்றால் மேலே போகப் போகக் கொதிநிலை குறையும். 4,000 மீட்டரில் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனால் லிட்டருக்குச் சுமார் 10 கிராம் கேஸ் தீரும். குடிநீர் முழுவதையும் இப்படிச் செய்தால் சின்ன சிலிண்டர் மூன்று நாளில் காலி. இரவுச் சமையல் நீரை வடிகட்டாமல் நேராகக் கொதிக்கவைத்து, ஃபில்டருக்கு ஓய்வு கொடுக்கலாம்.

புற ஊதாப் பேனா, பம்ப்?

ஸ்டெரிபென் ஒரு லிட்டரை 90 விநாடியில் முடிக்கும், வைரஸையும் விடாது. தெளிந்த நீர் வேண்டும், பேட்டரி வேண்டும், பாட்டில் வாயின் மரையில் ஒட்டிய சொட்டுக்கு வெளிச்சம் படாது. நெடுநடைக்கு நான் எடுப்பதில்லை. பம்ப் வகை பெரிய குழுவுக்கு.

ஒழுங்காக வடிகட்டித்தான் குடித்தேன். அப்படியும் வயிற்றுப்போக்கு. ஏன்?

கை. மலைப்பாதை நோய்களில் நீருக்கு விழும் பழி பாதியாவது கைக்குரியது என்பது என் எண்ணம். 2022-இல் வாஷிங்டன் மாநிலத்தில் இதே பாதையில் நடந்தவர்களிடையே வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் பரவியது, நோரோவைரஸ். பலர் தங்கும் குடிசை, ஒரே கழிப்பறைத் தாழ்ப்பாள், ஒரே சிப்ஸ் பாக்கெட்டில் நான்கு பேர் கை. இவை நடக்கும் இடத்தில் எந்த ஃபில்டரும் காப்பாற்றாது. பையில் இருக்கும் ஆல்கஹால் திரவத்துக்கு நோரோவைரஸ் அவ்வளவாக அடங்காது. ஓடையிலிருந்து இருநூறு அடி தள்ளி நின்று, சோப்பும் நீரும் போட்டுக் கழுவுங்கள். தின்பண்டத்தைப் பகிரும்போது பாக்கெட்டை நீட்டாதீர்கள், அவர் உள்ளங்கையில் கொட்டிவிடுங்கள். அண்ணாந்து குடிக்கும் நம் ஊர்ப் பழக்கத்துக்கு இங்கே மறுவாழ்வு கொடுக்கலாம்.

இருவராகப் போகிறோம். ஆளுக்கொரு ஃபில்டரா?

ஒன்றே போதும். பையை மரக்கிளையில் தொங்கவிட்டு, ஃபில்டரைத் திருகி, கீழே பாட்டிலை வைத்துவிட்டுக் கூடாரம் போடப் போங்கள். புவியீர்ப்பு வேலையைப் பார்த்துக்கொள்ளும். மாத்திரைப் பட்டை மட்டும் ஃபில்டரைச் சுமக்காதவரிடம் இருக்கட்டும். வழியில் பிரிய நேர்ந்தால் அவருக்கும் ஒரு வழி வேண்டுமல்லவா.

இதே மூட்டையோடு நேபாளம், லடாக் போகலாமா?

அப்படியே போகாதீர்கள். சியராவில் ஓடைக்கு மேலே பெரும்பாலும் பனியும் பாறையும்தான். அன்னபூர்ணா சுற்றில் ஓடைக்கு மேலே ஒரு கிராமம், அதற்கு மேலே மேய்ச்சல் நிலம், அங்கே யாக் மந்தை. மனிதக் கழிவு கலக்க வாய்ப்புள்ள இடத்தில் வைரஸும் இருக்கும். ஆகவே ஃபில்டரில் வடித்தபிறகு குளோரின் மாத்திரையும் போடுங்கள். வடித்த நீரில் மருந்து நன்றாக வேலை செய்யும், கிரிப்டோவை ஃபில்டர் பார்த்துக்கொண்டது. இரட்டை வேலை பிடிக்காதவர்களுக்கு கிரேல் ஜியோபிரஸ் போன்ற அழுத்தும் குவளை உண்டு. வைரஸையும் தடுக்கும், ஆனால் 450 கிராம், ஒரு தடவைக்கு 710 மி.லி.தான். ஹெபடைட்டிஸ் ஏ தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே இன்னொரு தொல்லை, பனியாற்று நீர். மாவு கரைத்தது போல வெளுத்து ஓடும் அந்த நுண்பொடி ஃபில்டரை இரண்டு நாளில் அடைத்துவிடும். பக்கவாட்டிலிருந்து வந்து சேரும் தெளிந்த கிளை ஓடையைத் தேடுங்கள். மறுபக்கம், அங்கே ஆள் நடமாட்டம் உண்டு என்பதே வசதி. அன்னபூர்ணா பாதையில் சுத்திகரித்த நீர் விற்கும் நிலையங்கள் இருக்கின்றன, விடுதிகளில் கொதிநீர் விலைக்குக் கிடைக்கும். ஆகவே ஆறு லிட்டர் கொள்ளளவு வேண்டியதில்லை, இரண்டோ மூன்றோ போதும். அதில் ஒன்று நால்ஜினாக இருக்கட்டும். கொதிநீரை வாங்கி இரவில் கட்டிக்கொண்டு தூங்கி, காலையில் அதையே குடிக்கலாம்.

வீடு திரும்பியதும் ஃபில்டரை எப்படி வைப்பது?

நன்றாக எதிர்த்திசையில் கழுவி, பிளீச் சில சொட்டு கலந்த நீரை ஒருமுறை உள்ளே செலுத்தி, உதறி, மூடியெல்லாம் கழற்றி ஒரு வாரம் நிழலில் காயவிடுங்கள். ஈரத்தோடு பெட்டியில் போட்டால் அடுத்த வருடம் திறக்கும்போது மூக்கு சொல்லிவிடும். ஃப்ரீசருக்குப் பக்கத்திலோ, குளிர்நாட்டில் வாழ்பவர்கள் கார் டிக்கியிலோ வைக்காதீர்கள். அடுத்த பயணத்துக்கு முந்தின நாள் வெதுவெதுப்பான நீரில் சற்று ஊறவைத்துவிட்டு வீட்டுக் குழாய் நீரை ஒரு லிட்டர் பிழிந்து பாருங்கள். காய்ந்த இழை முதலில் முரண்டு பிடிக்கும், நனைந்ததும் வழிவிடும். வாஷர் உள்ளே இருக்கிறதா என்று அப்போதே விரலைவிட்டுத் தடவிப் பார்த்துவிடுங்கள்.